நண்டுக் கூண்டும் 13 அடித் தண்ணீரும்

அமெரிக்காவில் சியாட்டிலுக்குப் பக்கத்தில், பியூஜெட் சவுண்ட் என்ற உள்வாங்கிய கடலில் நண்டு பிடிக்கும் கூண்டு போட ஆரம்பித்த முதல் கோடையிலேயே ஒன்றைத் தொலைத்துவிட்டேன், இன்னும் மனசு ஆறவில்லை. மதியம், தண்ணீர் நன்றாக வற்றியிருந்த நேரம். 60 அடி ஆழத்தில் இறக்கினேன், மிதவையோடு கட்டிய கயிறு 70 அடி. பத்தடி கூடுதலாக இருக்கிறதே, போதும் என்று நினைத்தேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் மிதவையைக் காணோம்.

சென்னையில் வளர்ந்த எனக்கு கடல் ஏற்றம் வற்றம் என்றால் மூன்று நான்கு அடிக்குள் முடிகிற விஷயம். இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏழெட்டு மணி நேரத்தில் 13 அடி ஏறிவிடும். அன்றைக்கும் அப்படித்தான், 60 அடி ஆழம் 73 ஆகியிருக்கிறது, என் கயிறோ 70! மிதவை தண்ணீருக்குள் போய், அது மேலே இழுத்த இழுப்பில் லேசான கூண்டு தரையை விட்டுக் கிளம்பி, நீரோட்டத்தோடு ஆழத்துக்குப் போயிருக்க வேண்டும். மறுநாள் வற்றத்தில் தேடியும் கிடைக்கவில்லை.

இப்போது ஏற்றத்தில் எவ்வளவு ஆழம் வரும் என்று முதலில் பார்த்து, அதற்கு மேல் மூன்றில் ஒரு பங்கு கயிறு சேர்க்கிறேன். அதாவது அதே இடத்துக்கு 100 அடி. மூழ்கும் கயிறுதான் கட்ட வேண்டும், கயிறு தண்ணீர் மேல் மிதக்கக்கூடாது என்பது இங்கே சட்டம், மிதக்கும் கயிறு அடுத்த படகின் விசிறியில் சுற்றிக்கொள்ளும். கூண்டுக்குள் இரும்புத் துண்டும் கட்டிவிடுகிறேன்.

அப்புறம் நேரம். இங்கே ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம், ஆனால் ஒன்றுக்கொன்று சமமில்லை, பல நாட்களில் ஒரு ஜோடிக்கு நடுவே தண்ணீர் பெரிதாக அசையவே அசையாது. நான் அந்த இடைவெளியைத்தான் பிடிக்கிறேன், அதுவும் அஷ்டமியை ஒட்டி வந்தால் ரொம்ப நல்லது. ஓட்டம் வேகமாக இருந்தால் நண்டு மணலில் புதைந்துகொள்ளும், இரை வாசனைக்கு எழுந்து வராது. லேசான ஓட்டம்தான் வாசனையைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள், நீர்மட்ட அட்டவணையில் உச்சம் என்று போட்டிருக்கும் நேரத்தில் ஓட்டம் நின்றிருக்கும் என்று நம்பக்கூடாது. குறுகலான வாய்களில் மட்டம் இறங்க ஆரம்பித்த பிறகும் தண்ணீர் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும், அதற்கு நீரோட்ட அட்டவணையைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

இந்தக் கடலில் மட்டும் வருஷத்துக்குச் சுமார் 12,000 கூண்டுகள் தொலைவதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். தொலைந்த கூண்டு சும்மா கிடக்காது, உள்ளே போன நண்டு செத்து அடுத்த நண்டுக்கு இரையாகும். மட்கிப்போகும் பருத்திக் கயிற்றால் மூடியைக் கட்டச் சொல்வது அதற்காகத்தான். என் கூண்டிலும் அதைத்தான் கட்டியிருந்தேன், இந்நேரம் அறுந்து மூடி திறந்திருக்கும்.