பெற்றோல் லைனில் ஒரு பொருத்தம்

கார் ரேஸ், சுடுபாட்டுக் கேம் எல்லாம் பெற்றோல் லைனுக்குச் சரிவராது. முக்கியமான வளைவில் பின்னால் ஒருவர் ஹோர்ன் அடித்து, "தம்பி, முன்னுக்கு எடும்" என்பார். மோட்டச்சைக்கிளை நாலு அடி உருட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் கார் மதிலில் கிடக்கும். முறைக்கு முறை அடிக்கிற சண்டைக் கேம்தான் அங்கே தோது. உங்கள் முறை வந்துவிட்டால், நீங்கள் முடிவெடுக்கும்வரை எதிரி வாளை ஓங்கினபடி மரியாதையாக நிற்பான். ஹோர்ன் அடிக்கவும் மாட்டான்.

2022 ஆடி மாதம். பெற்றோல் தட்டுப்பாட்டுக்குக் கியூஆர் பங்கீடு வந்த புதிது. மோட்டச்சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். நம்பர் தகட்டின் கடைசி இலக்கத்தைப் பார்த்து நாட்களைப் பிரித்திருந்தார்கள். எங்கள் இலக்கத்துக்குரிய ஒரு நாளில் பெற்றோல் செட்டில் தொடங்கிய லைன் ஒழுங்கைக்குள் திரும்பி, ஒரு பிள்ளையார் கோயிலைச் சுற்றி, வாசிகசாலையடியில் வந்து நின்றது. பெற்றோல் பவுசர் வருமென்றார்கள். எப்போது என்று சொல்ல ஆளில்லை. சனம் சாப்பாட்டுப் பார்சல், தண்ணிப் போத்தல், மடக்குக் கதிரையோடு வந்திருந்தது. நான் பிஎஸ்பி என்ற கையடக்கக் கேம் பெட்டியோடு போனேன்.

அந்த பிஎஸ்பி கனடாவில் இருக்கிற பெரியம்மாவின் மகன், எங்கள் அண்ணை, பாவித்துவிட்டு அனுப்பியது. கூட வந்தது ஒரேயொரு யூஎம்டி, அதாவது பிஎஸ்பிக்குள் போடுகிற கேம் தட்டு: ஃபைனல் ஃபன்டசி டக்டிக்ஸ். 1997 இல் முதலாவது பிளேஸ்டேஷனுக்கு வந்து, 2007 இல் 'தி வோர் ஒஃப் த லயன்ஸ்' என்று பெயர் நீண்டு பிஎஸ்பிக்குள் புகுந்த கேம். இந்தப் பதிப்பைப் பற்றி ரசிகர்களுக்குப் பெரிய மனக்குறை ஒன்று உண்டு. ஆராவது மந்திரம் ஓதினால் படம் இழுபடும், சத்தமும் படமும் ஒன்றோடொன்று கோபித்துக்கொள்ளும். 2011 இல் ஐபோனுக்கு வந்தபோது அந்த இழுவை போய்விட்டது. உண்மைதான், குறைதான். ஆனால் வாசிகசாலையடியில் நிற்கிறவனுக்கு ஒரு மந்திரம் ரெண்டு செக்கன் பிந்தி விழுந்தால் என்ன? அதுவும் பவர் சுவிட்சை ஒருக்கா மேலே தட்டினால் கேம் அப்படியே தூங்கும், திரும்பத் தட்டினால் விட்ட இடத்தில் எழும்பும். ரிவிக்கு முன்னால் சப்பாணி கட்டி இருந்து விளையாடவேண்டிய கேமை லைனுக்குள் கொண்டுவந்தது இந்த வசதிதான். மற்ற எந்தக் குறையையும் நான் மன்னிப்பேன்.

மன்னிக்க முடியாதது அண்ணை வைத்திருந்த சேவ்.

இந்தக் கேமை விளையாடினவர்களுக்கு ரியோவனஸ் கோட்டை என்றாலே வயிறு கலங்கும். வாசலில் ஒரு சண்டை, உள்ளே ஒரு சண்டை, கூரையில் ஒரு சண்டை. மூன்றும் தொடர்ச்சி. இடையில் சேவ் பண்ணவா என்று அன்பாகக் கேட்கும். பண்ணினால் தொலைந்தது. திரும்ப வெளியே வந்து ஆயுதம் வாங்கவோ, ஆளைத் தேற்றவோ வழியில்லை. உள்ளே விக்ராஃப் என்ற வாள்காரன் தனிச் சண்டைக்குக் காத்துக்கொண்டிருப்பான். எங்கள் பக்கம் கதாநாயகன் மட்டும். மற்றப் பெடியள் எல்லாம் கதவுக்கு வெளியே. அண்ணை வாசல் சண்டையை வென்று, சேவ் பண்ணி, விக்ராஃபிடம் அடிவாங்கி, அடிவாங்கி, கடைசியில் மெமரி ஸ்டிக்கோடு சேர்த்துப் பாரத்தை என் தலையில் இறக்கிவிட்டார். இருந்ததே அந்த ஒரு சேவ்தான். கதாநாயகனுக்குத் தன்னுடைய பெயரையே வேறு வைத்திருந்தார். நான் புதிதாகத் தொடங்கியிருக்கலாம் என்பீர்கள். அண்ணை ஒவ்வொரு முறையும் போனில், "அவனை அடிச்சிட்டியோ?" என்று கேட்கும்போது எப்படித் தொடங்குவது?

லைனில் எனக்கு இருந்த அடுத்த பிரச்சினை வெயில். பிஎஸ்பி திரையில் வெயில் பட்டால் என் முகம்தான் தெரியும், சண்டை தெரியாது. துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு குனிந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் திரை தானாகத் தெளிந்தது. நிமிர்ந்து பார்த்தால், பின் மோட்டச்சைக்கிள் ஐயா என் தலைக்கு மேல் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார். திருநீறு, வெள்ளைச் சேட்டு, பொக்கற்றில் ரெண்டு பேனை.

"தம்பி, உதில பைசீஸ் எண்டு கிடக்கு. மீன ராசியெல்லே?"

ஐயா ஓய்வுபெற்ற கணித வாத்தியார். பின்னேரங்களில் குறிப்பும் பார்ப்பவராம். இந்தக் கேமில் ஒவ்வொரு ஆளுக்கும் ராசி உண்டு என்பதும், கதாநாயகனுக்கு மட்டும் தொடக்கத்தில் நாங்கள் கொடுக்கிற பிறந்த திகதியை வைத்து ராசி அமையும் என்பதும் சொன்னேன். அவ்வளவுதான். ஐயா தன் மோட்டச்சைக்கிளுக்கு ஸ்ராண்ட் போட்டுவிட்டு வந்து வடிவாக நின்றுகொண்டார்.

"பிறந்த திகதி என்ன குடுத்தது?"

"அண்ணையின்ரதான் ஐயா. மார்ச் 4."

"மார்ச் 4 மாசி மாசமெல்லே. மாசியில சூரியன் கும்பத்தில. மீனம் எப்பிடி வரும்?"

"கேம் அப்பிடித்தான் சொல்லுது."

"வெள்ளைக்காரன்ர கணக்கு எங்கடையை விட 24 பாகை தள்ளி நிக்குது. அதுதான் வில்லங்கம்." அவர் முகத்தில் ஒரு வெற்றிக் களை. வாக்கிய பஞ்சாங்கமா திருக்கணித பஞ்சாங்கமா என்று ஒரே வீட்டுக்குள் ரெண்டு நாளில் திவசம் வருகிற ஊர் இது. மூன்றாவதாக ஒரு பிளேஸ்டேஷன் பஞ்சாங்கம் வந்தால் எங்களுக்கு அது புதினமில்லை. "சரி, அவையின்ர சபையில அவையின்ர பஞ்சாங்கம். எதிராளி என்ன ராசி?"

"கன்னி."

"மீனத்துக்குக் கன்னி ஏழாமிடம். சமசப்தமம்."

நான் கேமின் விதியைச் சொன்னேன். நேரெதிர் ராசி ஆணும் பெண்ணும் என்றால் அதி உத்தமம். ஒருவர் மற்றவருக்குச் செய்கிற எதுவும் ஒன்றரை மடங்கு. ஆணும் ஆணும் என்றால் அதமம், எல்லாம் அரைவாசி. நடுவில் நல்ல பொருத்தமென்றால் கால் பங்கு கூடும், கூடாத பொருத்தமென்றால் கால் பங்கு குறையும். மந்திரம் ஓதிக் காயம் ஆற்றினாலும் இந்தக் கணக்கு, வெட்டினாலும் இதே கணக்கு.

"அப்ப பொருத்தம் கூடக்கூட அடியும் கூடுமோ?"

"ஓம் ஐயா."

முன்னால் ஓட்டோ வைத்திருந்த அண்ணை திரும்பிப் பார்த்தார். "எங்களுக்குப் பத்துக்கு ஒன்பது பொருத்தம்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. லைனில் கலியாணம் முடித்த ஆம்பிளைகள் அத்தனை பேரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு என்னைச் சுற்றி ஒரு சபை கூடிவிட்டது.

ஐயாவுக்கு இன்னும் திருப்தி இல்லை. சூரியனை வைத்து ராசி சொல்வது அரைகுறை வேலை, சந்திரன் எங்கே நின்றது என்று தெரியவேண்டும். "அண்ணையின்ர நட்சத்திரம் என்ன?" எனக்குத் தெரியாது. "கேட்டுப் பாருமன். இப்பத்தான் போனெல்லாம் இருக்கே."

நேரம் காலை பத்து. கனடாவில் நடுச்சாமம் பன்னிரண்டரை. அண்ணை எடுக்கவில்லை. பெரியம்மாவுக்கு அடித்தேன். முதல் மணி முடிய முன்னம் எடுத்தார்.

"ஐயோ, ஆருக்கு என்ன நடந்தது?"

நடுச்சாமத்தில் ஊரிலிருந்து போன் வந்தால் வேறென்ன கேட்பது. "ஒருத்தருக்கும் ஒண்டுமில்லைப் பெரியம்மா. எல்லாரும் சுகம். அண்ணையின்ர நட்சத்திரம் என்ன?"

மறுபக்கம் சத்தமில்லை. பிறகு குரல் முற்றாக மாறிவிட்டது. "சதயமடா. கும்ப ராசி. ஆரடா கேக்கினம்?"

"இஞ்ச சாத்திரம் பாக்கிற ஐயா ஒராள்..." என்று நான் இழுக்க முன்னம் ஐயா போனை வாங்கிவிட்டார். சபை கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வேறு போட்டார்.

"வணக்கம் பிள்ளை. சதயமெண்டா கும்பம். கும்பத்துக்குக் கன்னி எட்டாமிடம். ஆறும் எட்டும் ஆகாது பாருங்கோ."

"கன்னி ராசியோ? பரவாயில்லை ஐயா, ஒரு பரிகாரம் செய்தாப் போச்சு. என்ர பிள்ளைக்கும் முப்பத்தெட்டாகுது. இடம் எந்த இடம்?"

"கோட்டைக்குள்ள."

"யாழ்ப்பாணக் கோட்டையடியோ? பண்ணைப் பக்கத்து ஆக்களோ?"

ஐயா அதைக் கவனிக்கவேயில்லை. மனிதர் கணக்கில் மூழ்கியிருந்தார். "எதிராளி சரியான மூர்க்கம். ஆனா ஒரு வழி இருக்கு. இவர் அடிக்கக்கூடாது. எவ்வளவு அடிச்சாலும் பொறுத்துக்கொண்டு நிக்கோணும்."

"அவன் அடிக்கவே மாட்டான் ஐயா. தங்கமான பிள்ளை."

"கும்பத்துக்கு இப்ப ஏழரையில விரயச் சனி. அதுதான் ஆள் அடைபட்டுக் கிடக்கிறார்."

"அதைத்தான் நானும் சொல்லுறனான்! வேலை, வீடு, வேலை, வீடு." பெரியம்மா அழுகிற கட்டத்துக்கு வந்துவிட்டார். பிறகு திடீரென்று, "ஆனா இது ஆடி மாசமெல்லே ஐயா, சம்பந்தம் கதைக்கலாமோ?" என்று தானே கேட்டு, "சரி, இப்ப பொருத்தத்தை மட்டும் பாப்பம், ஆவணியில கதைப்பம்" என்று தானே தீர்ப்பும் சொல்லி, குறிப்பைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புவதாகச் சொல்லி வைத்தார். ஓட்டோ அண்ணை மோட்டச்சைக்கிள் சீற்றில் படுத்துச் சிரித்தார், அது அவருடைய மோட்டச்சைக்கிளும் இல்லை. நான் திரும்ப எடுத்தேன். பெரியம்மாவின் லைன் பிஸி. கனடா முழுக்கச் செய்தி போய்க்கொண்டிருக்கிறது என்று விளங்கியது.

இனிச் செய்ய ஒன்றுமில்லை. சண்டையையாவது பார்ப்போம் என்று பிஎஸ்பியை எழுப்பினேன்.

ஐயா சொன்னது எனக்கு முதலில் பகிடியாகத்தான் பட்டது. யோசித்துப் பார்த்தால் அதில் பிழையே இல்லை. அண்ணை ஏன் தோற்றார்? ஓடிப்போய் வெட்டினார். வெட்டு அரைவாசிதான் இறங்கும். ஆனால் விக்ராஃப் தள்ளி நின்று இடி விழுத்துகிற வாள்வித்தையும் எங்களுக்கு அரைவாசிதான். ரெண்டு பேருக்கும் கை மழுங்கல் என்றால், ஆறுதலாக நிற்கிறவன் பக்கம்தான் காலம். கதாநாயகனிடம் டெயில்விண்ட் என்று ஒரு வித்தை இருக்கிறது. தனக்குத் தானே போட்டுக்கொள்ளலாம். ஒவ்வொரு தரமும் வேகம் ஒன்று கூடும்.

வேகம் கூடினால் என்ன ஆகும் என்று சபைக்கு விளங்கப்படுத்தினேன். இந்தக் கேமில் எல்லாருக்கும் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். கேமின் மணிக்கூடு அடிக்கிற ஒவ்வொரு தட்டுக்கும் உங்கள் வேகம் அதில் சேரும். நூறு வந்தால் உங்கள் முறை. ஐயா உடனே மனக்கணக்குப் போட்டார்: "வேகம் 8 எண்டா 13 தட்டுக்கு ஒருக்கா. 16 எண்டா 7 தட்டுக்கு ஒருக்கா."

"விளங்கிட்டுது" என்றார் ஓட்டோ அண்ணை. "நாங்கள் ஒருக்கா அடிக்கிறதுக்குள்ள அத்தியாவசிய சேவை ஸ்ரிக்கர் ஒட்டின வாகனம் ரெண்டு தரம் வந்து அடிச்சுக்கொண்டு போறது."

இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எங்கேயும் வாசித்ததில்லை.

நாங்களும் ஸ்ரிக்கர் ஒட்டினோம். ஓடுவது, டெயில்விண்ட், ஓடுவது, டெயில்விண்ட். விக்ராஃப் அடித்தான், அரைவாசி இறங்கியது, மருந்து குடித்தோம். "அடியாத தம்பி, பொறு" என்று ஐயா குடையை ஆட்டினார். இடையில் ஒரு பெடியன் பிளேன்ரீ குடிக்கப் போய்த் திரும்பி வந்து, தன் இடத்தில் வேறொருவன் நிற்கிறான் என்று சண்டை பிடித்தான். டக்டிக்ஸ் ஓகர் என்ற கேமின் 2010 பிஎஸ்பி பதிப்பில் 50 முறை வரைக்கும் பின்னோக்கிப் போய்த் திருத்தலாம். அந்தப் பெடியனுக்கு ஒரு முறை போதும், பாவம். கொஞ்ச நேரத்தில் விக்ராஃபுக்கு ஒரு முறை வரும் இடைவெளியில் எங்களுக்கு மூன்று வரத் தொடங்கியது. அதற்குப் பிறகு ஃபோகஸ் என்று பலத்தை ஏற்றும் வித்தை. சபையில் ஒருவர் எண்ணிக்கொண்டே வந்தார். ஐயா தலையாட்டினார். "இப்ப குடும்."

கொடுத்தேன். விழுந்தான்.

கைதட்டல் அடங்க முன்னம் விக்ராஃப் மேட ராசிக் கல்லைக் கையில் எடுத்து, கொம்பு முளைத்த பெலியாஸ் பூதமாக மாறினான். "மேடம்! ஆட்டுக்கடா!" என்று ஐயா கத்தினார். மாறினவனைவிட அவருக்குத்தான் கூடச் சந்தோசம். அந்த நேரம் பார்த்து முன்னால் ஹோர்ன் கேட்டது. பவுசர் வந்துவிட்டது. சுவிட்சை மேலே தட்டினேன். பூதம் தூங்கிவிட்டது, லைன் எழும்பிவிட்டது.

உருட்டிக்கொண்டு போகையில் அண்ணையின் மெசேஜ். "டேய், அம்மா இந்த நேரம் சாமியறையில விளக்குக் கொழுத்துறா. சித்தப்பா ஜெர்மனியில இருந்து கோல் எடுத்து வாழ்த்துச் சொல்லுறார். என்னடா நடக்குது அங்க?"

விக்ராஃப் விழுந்தபோது ஓட்டோ அண்ணை தன் போனில் எடுத்துத் தந்த படத்தை அனுப்பினேன்.

கனநேரம் ஏதோ எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தார். பிறகு, "எப்பிடியடா?"

நடந்ததை எழுதினேன். ராசி, ஏழாமிடம், எட்டாமிடம், டெயில்விண்ட், எல்லாம்.

"அந்த ஐயாவின்ர நம்பரை அம்மாவுக்குக் குடு" என்று வந்தது. அடுத்த செக்கனிலேயே இன்னொன்று: "ஆர் எண்டாலும் சரி எண்டு சொல்லு. கன்னி மட்டும் வேண்டாம்."