தேங்க்ஸ்கிவிங் பிரெட் ஸ்டஃபிங்: ரொட்டி காய்ந்தால்தான் காரியம் ஆகும்

அமெரிக்காவில் நவம்பர் நான்காவது வியாழன் வரும் தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கான தயாரிப்பு இது. வான்கோழிக்குள் அடைத்தோ, தனி ட்ரேயில் வேகவைத்துப் பக்கத்திலோ பரிமாறும் ரொட்டிக் கலவைதான் ஸ்டஃபிங். 9-க்கு 13 அங்குல ட்ரே ஒன்றுக்கு இந்த முறை எடுத்த அளவு: வெள்ளை ரொட்டி 450 கிராம், உப்பில்லாத வெண்ணெய் ஒரு ஸ்டிக் (113 கிராம்), நடுத்தர வெங்காயம் இரண்டு, செலரி நான்கு தண்டு, உப்பு சேர்க்காத சிக்கன் ஸ்டாக் (கோழியைக் கொதிக்கவிட்டு எடுத்த சாறு) 600 மில்லி, முட்டை இரண்டு. மூலிகை இலைகளில், பச்சை சேஜ் பொடியாக நறுக்கி இரண்டு மேசைக்கரண்டி, தைம் ஒரு மேசைக்கரண்டி, ரோஸ்மேரி ஒரு தேக்கரண்டி, பார்ஸ்லி ஒரு கைப்பிடி. உப்பு ஒரு தேக்கரண்டி, மிளகுத்தூள் அரை. எட்டுப் பேருக்குத் தாராளமாக வரும்.

பாதி வேலை ரொட்டியில்தான் இருக்கிறது. "பழைய ரொட்டி போதும்" என்று பலரும் சொல்வதை நம்பி இறங்கினால் ஸ்டஃபிங் களியாகிவிடும். பாக்கெட்டுக்குள்ளேயே கிடந்து இறுகிய ரொட்டியில் தண்ணீர் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கிறது. மாவுச்சத்து மறுபடி படிகமாவதால்தான் அது கெட்டியாகத் தெரிகிறது. சூடு பட்டதும் திரும்ப இளகிவிடும். நமக்கு வேண்டியது தண்ணீர் வெளியேறிய ரொட்டி. அதற்குள் ஸ்டாக் ஏறினாலும் துண்டு உருக்குலையாது.

இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, அகலமான இரண்டு ட்ரேயில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, 135 டிகிரி செல்சியஸ் ஓவனில் 45 நிமிடம் வைத்தது. கால் மணிக்கு ஒரு தரம் கிளறிவிட வேண்டும். நிறம் மாறத் தேவையில்லை. பெரிய துண்டு ஒன்றை உடைத்துப் பாருங்கள்: நடுவில் மெத்தென்று இருந்தால் இன்னும் பத்து நிமிடம். முழுக்க ஆறிய பிறகே மூடி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆவி உள்ளே அடைந்து காயவைத்தது வீணாகும். இதை இரண்டு நாள் முன்பே முடித்துவிடலாம். இனிப்பு ரொட்டி வேண்டாம். சேஜ் வாசனையோடு அது சேராது. சவர்டோ (புளித்த மாவு ரொட்டி) எடுத்தால் தோல் இறுகிப்போகும், 100 மில்லி வரை ஸ்டாக் கூடுதலாகக் கேட்கும்.

வெண்ணெயை மிதமான தீயில் உருக்கி வெங்காயம், செலரி, பாதி உப்பு போட்டு பத்துப் பன்னிரண்டு நிமிடம் வதக்கினால் போதும். சிவக்க விடாதீர்கள், கண்ணாடிபோல் ஆனதும் நிறுத்துங்கள். செலரி இங்கே வேகாவிட்டால் ஓவனிலும் நறுக்கென்றே நிற்கும். மூலிகைகளைக் கடைசி ஒரு நிமிடத்தில்தான் போட வேண்டும். பச்சை சேஜ் கிடைக்காவிட்டால் காய்ந்தது மூன்றில் ஒரு பங்கு போதும், கூடினால் கசக்கும். அமெரிக்காவின் வடகிழக்கில் நியூ இங்கிலாந்துப் பக்கம் 1867 முதல் விற்கும் பெல்ஸ் மசாலாப் பொடியும் நல்ல மாற்று. சேஜ், ரோஸ்மேரி, ஆரிகனோ, இஞ்சி, மார்ஜோரம், தைம், மிளகு எல்லாம் அதில் உண்டு, உப்பு கிடையாது.

ரொட்டியோடு வதக்கலைச் சேர்த்து, 450 மில்லி ஸ்டாக்கை ஊற்றிப் புரட்டிப் பத்து நிமிடம் விடுங்கள். உப்பை இப்போதே ருசி பார்த்து மீதியைப் போடுங்கள், முட்டை விழுந்த பிறகு வாயில் வைக்கக் கூடாது. கடையில் வாங்கும் ஸ்டாக் பெரும்பாலும் உப்பானது. அதை ஊற்றினால் மீதி உப்பே தேவைப்படாது. ஆறிய 150 மில்லி ஸ்டாக்கில் முட்டையை அடித்துக் கடைசியில் சேர்க்க வேண்டும். சூடான ஸ்டாக்கில் அடித்தால் முட்டை திரிந்துவிடும். ஒரு துண்டை அழுத்தினால் ஈரம் கசியலாம், சொட்டக் கூடாது.

வெண்ணெய் தடவிய ட்ரேயில் அமுக்காமல் பரப்புங்கள். 190 டிகிரியில் ஃபாயில் மூடி 25 நிமிடம், திறந்து 20 நிமிடம். ஒரே ஓவன் உள்ள வீட்டில் வான்கோழி வெளியே வந்து ஆறும் முக்கால் மணி நேரம் இதற்குச் சரியாகப் பொருந்தும். நடுவில் 74 டிகிரி காட்ட வேண்டும், மேல்பக்கம் பொன்னிறமாக மொறுமொறுவென்று இருக்க வேண்டும்.

பறவைக்குள் அடைத்து வேகவைப்பதைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. பச்சை இறைச்சிச் சாறு ரொட்டியில் இறங்குவதால் உள்ளேயும் 74 டிகிரி வந்தே ஆக வேண்டும். அது வருவதற்குள் நெஞ்சுக்கறி வறண்டுவிடும். அந்தச் சாற்றின் ருசிதான் வேண்டுமென்றால், கழுத்தையும் சிறகு நுனிகளையும் கொதிக்கவிட்டு ஸ்டாக் எடுத்தால் ஏறக்குறைய அதே ருசி வந்துவிடுகிறது.

தென் மாநிலங்களின் பாணியில் சோள ரொட்டி போட்டால் கணக்கு மாறும். அதில் பசைத்தன்மை இல்லை, ஈரம் பட்டதும் உதிரும். பாதி சோள ரொட்டி, பாதி வெள்ளை ரொட்டி, முட்டை மூன்று என்று வைத்தால் துண்டு துண்டாக வெட்டி எடுக்கலாம். சைவத்துக்கு வெறும் காய்கறி ஸ்டாக் வெளிறிப்போகும். 250 கிராம் காளானைத் தனியாக, தண்ணீர் வற்றிச் சிவக்கும்வரை வறுத்துச் சேர்த்தால் கனம் வருகிறது.

மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள், மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள். மறுநாள் தோசைக்கல்லில் வெண்ணெய் போட்டுத் தட்டையாக அமுக்கி, உள்ளே நன்றாகச் சூடேறும்வரை இருபுறமும் முறுகவிட்டால், மேலே ஒரு அரைவேக்காட்டு முட்டை போதும்.