ஆறின இன்ஜினில்தான் அகப்பட்டது: ஓம்னியின் காலை மிஸ்ஸிங்

என் ஓம்னியின் காலை மிஸ்ஸிங்குக்கு (ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் இன்ஜின் ஆடுவது) காரணமான ஆள் ஒருவழியாகச் சிக்கிவிட்டான். பிளக் இல்லை, காயில் இல்லை, கேஸ் கிட்டும் இல்லை. இரண்டாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வில் (எரிந்த புகையை வெளியே விடுவது) டேப்பட் கேப் என்ற ஒன்றே இல்லை! வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளிதான் அது.

வண்டி கார்புரேட்டர் வைத்த மாருதி ஓம்னி வேன், 796 சிசி, மூன்று சிலிண்டர். ஓட்டத்தில் பெரும்பகுதி எல்பிஜி கேஸில். மீட்டர் 2 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் சீட்டோடு சேர்ந்து ஆளையே ஆட்டும். சைலென்சர் வாயில் கையை வைத்தால் விட்டு விட்டு அடிக்கும். கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்தால் மறைந்துவிடும். நாலு தெரு சுற்றி வந்தால் பரம யோக்கியன் மாதிரி நிற்கும்.

காலையில் மட்டும் என்று சொன்ன உடனே எல்லோரிடமும் ஒரே பதில். "ரெடியூசர் சூடாகலைண்ணே, கிட்டை சர்வீஸ் பண்ணுங்க." கூலன்ட் சுற்றி ரெடியூசர் (கேஸின் அழுத்தத்தைக் குறைக்கும் பாகம்) சூடானால்தான் கேஸ் ஒழுங்காக ஆவியாகும் என்பதால் அது முட்டாள்தனமான பதில் இல்லை. ஆனால் ராத்திரியே கேஸை மூடிவிட்டு, காலையில் பெட்ரோலில் எடுத்தாலும் அதே ஆட்டம். கேஸ் விடுதலை. அடுத்து பிளக் ஒயர்: ஒவ்வொன்றாகப் பிடுங்கி, ஸ்பேர் பிளக்கில் மாட்டி எர்த் கொடுத்துப் பார்த்தேன். ஒன்றையும் மூன்றையும் பிடுங்கினால் இன்ஜின் சாகப் பார்க்கிறது, இரண்டாவதைப் பிடுங்கினால் ஒரு மாற்றமும் இல்லை. பிளக்கையும் ஒயரையும் மூன்றாவதோடு மாற்றிப் போட்டும் மிஸ்ஸிங் இரண்டிலேயே உட்கார்ந்திருந்தது.

எரிச்சலான பகுதி இனிமேல்தான். ஒரு பட்டறையில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தமாக அடைபடுகிறது என்று) பார்த்தார்கள். புத்தகம் சொல்கிறபடி இன்ஜினைச் சூடாக்கி, மூன்று பிளக்கையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து. 165, 155, 165 பிஎஸ்ஐ. "கம்ப்ரஷன் பக்கா சார், காயிலை மாத்திடலாம்." சூட்டில் வராத நோயை சூட்டில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? மறுநாள் விடியற்காலை, ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த இன்ஜினில் நானே கேஜை மாட்டினேன். (ரப்பர் முனையைக் கையால் அழுத்திப் பிடிக்கிற கேஜ் வேண்டாம், அதிலேயே காற்று கசியும். மரை போட்டு இறுகுவதை வாங்குங்கள்.) 150, 85, 150. இரண்டாவதில் ஒரு ஸ்பூன் ஆயில் ஊற்றிச் சுற்றினேன், முள் அசைந்தேன் என்று பேருக்கு அசைந்தது. பிஸ்டன் ரிங் கசிந்தால் ஆயில் அடைத்து முள் நன்றாக ஏறியிருக்கும். ஆக ரிங் இல்லை, வால்வு.

ஆறின இன்ஜினில் மட்டும் ஏன்? ஹெட் அலுமினியம், வால்வுத் தண்டு எஃகு. சூட்டில் அலுமினியம் கூடுதலாக விரிவதால் ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே கேப் கூடுகிறது. ஆறின இன்ஜினுக்கு ஒரு அளவு, சூடானதற்கு அதைவிடப் பெரிய அளவு என்று மேனுவல் தனித்தனியாகக் கொடுப்பது இதற்குத்தான். வருஷக்கணக்கில் கேஸில் ஓடினால் எக்ஸாஸ்ட் வால்வு தன் சீட்டுக்குள் (வால்வு வந்து உட்காரும் வளையம்) இறங்கும், தண்டு மேலேறும், கேப் மூடும். காலையில் வால்வு முழுசாக மூடாமல் காற்று நழுவும். வேகம் கூடினால் நழுவ நேரம் போதாது, அதனால் ஐடிலிங்கில்தான் தெரியும்.

டேப்பட் கவரைத் திறந்தேன். இரண்டாவது எக்ஸாஸ்ட்டில் 0.05 மி.மீ. ஃபீலர் கேஜ்கூட (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழையவில்லை. இன்ஜினைச் சுற்ற புல்லியோடு மல்லுக்கட்டவில்லை. பிளக்கைக் கழற்றி, நாலாவது கியரில் போட்டு, பக்கத்து வீட்டுத் தம்பியை மெல்லத் தள்ளச் சொன்னால் போதும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் தூக்கி வைத்து ரோட்டர் எந்த ஒயரைக் காட்டுகிறது என்று பார்த்தால் சிலிண்டர்கள் எரியும் 1-3-2 வரிசை தானாக வரும்.

உயிரை வாங்கியது கேப்பைச் சரிசெய்யும் ஸ்க்ரூவைப் பூட்டுகிற லாக் நட். கேஜ் இதமாக உரசும்படி ஸ்க்ரூவை வைத்து நட்டை இறுக்கினால், ஸ்க்ரூவும் ஒரு மயிரிழை கூடத் திரும்பும், கேஜ் சிக்கிக்கொள்ளும். தளர்த்தி வைத்தால் இறுக்கிய பிறகு லொடலொட. கடைசியில் ஸ்க்ரூடிரைவரை ஒரு கையால் எதிர்ப்பக்கம் அழுத்திப் பிடித்தபடி, வளைந்த ரிங் ஸ்பேனரால் இறுக்குவதுதான் வழி. இறுக்கிய பிறகும் கேஜை ஒருமுறை விட்டுப் பார்க்காமல் நகராதீர்கள். ஸ்க்ரூ முனை தேய்ந்து குழிந்திருந்தால் தட்டையான கேஜ் குழியின் மேல் பாலம் போட்டுப் பொய் சொல்லும். முதல் சிலிண்டர் இன்டேக்கில் அப்படி ஒன்று, மாற்றிவிட்டேன்.

அந்த ஸ்க்ரூவும் கவர் கேஸ்கெட்டும் சென்னை ஜிபி ரோட்டில் வாங்கியவை. கேஸ்கெட் முதலில் கொடுத்தது டூப்ளிகேட், ரப்பரை மடக்கியதும் விரிசல் விட்டது. கவுன்டரிலேயே மடக்கிப் பார்த்துவிடுங்கள்.

இப்போது ஆறின இன்ஜினில் 155, 135, 155. காலை ஆட்டம் நின்றுவிட்டது, காதை வைத்துக் கேட்டால் மட்டும் லேசாக ஒரு பிசிறு. வால்வு முகம் கொஞ்சம் கருகியிருக்கும். கேஸில் ஓட்டுகிறவரை கேப் மறுபடி மூடத்தான் போகிறது, அதனால் ஆயில் மாற்றும்போதெல்லாம் டேப்பட்டும் பார்ப்பதாக முடிவு. மழைக்காலத்துக்கு முன் ஹெட்டை இறக்கி, எக்ஸாஸ்ட்டுக்கு மட்டும் கடினமான சீட் போட அம்பத்தூரில் லேத் பட்டறை தேடிக்கொண்டிருக்கிறேன். மூன்று சீட்டுக்கு யாராவது சமீபத்தில் கூலி கொடுத்திருந்தால் எவ்வளவு என்று சொல்லுங்கள், பேரம் பேச வசதியாக இருக்கும்.