நானும் நானும் ஒரே ஆள்தான்

எங்கள் பக்கத்தில் ஒருத்திக்கு ரெண்டு பெயர் இருப்பது பெரிய விஷயமே இல்லை. தமிழ்நாடு-கேரள எல்லைக்குக் கிழக்கே முன்னெழுத்து பெயருக்கு முன்னால் நிற்கும். மேற்கே சித்தூர், பாலக்காடு என்று போனால் அதே எழுத்து பெயருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். நான் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கொழிஞ்சாம்பாறைக்கு வாக்கப்பட்டு வந்தவள். என் ஆதார் கல்யாணத்துக்கு முன்பே எடுத்தது, அதில் அப்பாவின் ‘கே’ முன்னால். ரேஷன் கார்டில் வீட்டுக்காரரின் ‘எம்’ பின்னால். இத்தனை வருஷம் இந்த ரெண்டு பேரும் சண்டை போடாமல்தான் இருந்தார்கள்.

கஞ்சிக்கோட்டில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் பேக்கிங்கில் ஆறு வருஷம் இருந்தேன். காலையில் மேனோன்பாறை வழியாகப் போகும் பஸ், சாயங்காலம் அதே பஸ். எங்களை வேலைக்கு வைத்திருந்தது காண்ட்ராக்டர்தான், கம்பெனி இல்லை. 2021 ஜூலையில் காண்ட்ராக்டர் மாறினார். இயந்திரம், மேஜை, சூப்பர்வைசர் எல்லாம் அதேதான். சம்பளச் சீட்டில் தலைப்பு மட்டும் மாறியது. செப்டம்பர் 30-ந்தேதி ஆர்டர் இல்லை என்று எங்கள் லைனையே மொத்தமாக நிறுத்திவிட்டார்கள்.

பக்கத்து வீட்டு அக்கா, “பஞ்சாயத்துல வேலையில்லாதவங்களுக்குப் பணம் குடுக்கறாங்களே, போய்க் கேளு கண்ணு” என்றார். அது தொழில்ரஹித வேதனம், அப்போது மாதம் 120 ரூபாய். 35 வயதுக்குள் இருக்கணும், குடும்ப வருமானம் வருஷத்துக்கு 12,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று இருந்தது. எனக்கு அப்போதே 41. அந்த 120 ரூபாய்க்கு பஸ் ஏறினால் மிச்சம் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நான் கேட்டது வேறு. சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் உள்ளவர்களுக்கு வேலை போனால், அதிகபட்சம் 90 நாளுக்கு, சராசரி தினக்கூலியில் பாதி அப்போது கிடைத்தது. அடல் பீமித் வ்யக்தி கல்யாண் யோஜனா என்று பெயர். (சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வேலையே கிடைத்துவிடும்.) முதலில் கால் பங்குதான் இருந்தது, கொரோனாவில் பாதியாக்கினார்கள். தானாக வேலையை விட்டுப் போனவர்களுக்கும், ஒழுங்கு நடவடிக்கையில் வெளியேற்றப்பட்டவர்களுக்கும் கிடையாது. அப்போதைய விதிப்படி ரெண்டு வருஷமாவது இ.எஸ்.ஐ.யில் இருந்திருக்கணும். வேலை போவதற்கு முந்தைய ஆறு மாதக் கணக்கில் 78 நாள் பிடித்தம் இருக்கணும். அதற்கும் முந்தைய மூன்று ஆறு மாதங்களில் ஏதாவது ஒன்றிலும் 78 நாள் வேணும்.

ஆறு வருஷம் வேலை பார்த்த எனக்கு 78 நாள் இல்லாமல் போகுமா? அக்ஷயா சென்டரில் (கேரள அரசின் இ-சேவை மையம்) ஆன்லைனில் போட்டு, பிரிண்ட் எடுத்து, ஆதார் நகலும் பாஸ்புக் நகலும் வைத்து இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கொடுத்தேன். டிசம்பரில் பதில் வந்தது. நிராகரிப்பு. காரணம், 78 நாள் இல்லை.

அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. பணத்தைவிட அந்த வரிதான் உறுத்தியது. நான் வேலையே செய்யாதவள் மாதிரி.

அக்ஷயாவில் இருந்த பையன்தான் கண்டுபிடித்தான். “சேச்சி, நிங்களுக்கு ரெண்டு நம்பர் உண்டல்லோ!” புதிய காண்ட்ராக்டர் என் பழைய நம்பரைக் கேட்காமலே புதிதாக ஒன்று போட்டிருக்கிறார். இ.எஸ்.ஐ. நம்பர் ஒருவருக்கு ஒன்றுதான், எத்தனை முதலாளி மாறினாலும் அதேதான் தொடரணும். பழையதில் ‘கே’ முன்னால், புதியதில் ‘எம்’ பின்னால். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைக்குமான ஆறு மாதத்தில் பழைய நம்பரில் 49 நாள், நடுவே மே 8-லிருந்து ஊரடங்கு வேறு. புதியதில் 71 நாள். தனித்தனியாகப் பார்த்தால் ரெண்டுமே 78-க்குக் கீழே. கூட்டினால் 120. கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது, கஞ்சிக்கோட்டில் ரெண்டு பெண்கள், ரெண்டு பேரும் கொஞ்சம் சோம்பேறிகள்.

காண்ட்ராக்டருக்குப் போன் போட்டேன். “அது ஆபீஸ்ல பண்ணினதுங்க” என்றார். எந்த ஆபீஸ் என்று இன்றுவரை தெரியாது.

பழைய யூனியன் அண்ணன் ஒருவர்தான் வழி சொன்னார். “சண்டைக்குப் போகாத, ரெண்டும் ஒரே ஆள்னு காட்டு. அப்புறமும் மறுத்தா பார்த்துக்கலாம்.” அப்போதைய இ.எஸ்.ஐ. சட்டத்தின் 75-ஆவது பிரிவுப்படி இந்த மாதிரித் தகராறைத் தீர்க்கத் தனி நீதிமன்றம் இருந்ததாம், 3 வருஷத்துக்குள் போகலாம், வக்கீல் இல்லாமல் யூனியன்காரரே நமக்காக நிற்கலாம் என்றார். அதைக் கேட்டதும்தான் கொஞ்சம் மூச்சு வந்தது.

எனக்கு மலையாளம் பேச வரும், எழுத வராது. இங்கிலீஷும் அப்படித்தான். மனுவை யாரிடமாவது கொடுத்து எழுதலாமா என்றேன். “தமிழ்லயே எழுது. அரசியல் சட்டம் 350-ஆவது பிரிவைப் படிச்சுப் பாரு” என்றார். குறை தீர்க்கச் சொல்லி மத்திய அதிகாரி யாருக்கும் இந்தியாவில் புழங்கும் எந்த மொழியிலும், மாநில அதிகாரிக்கு அந்த மாநிலத்தில் புழங்கும் எந்த மொழியிலும் மனுக் கொடுக்க உரிமை உண்டு என்று அதில் இருக்கிறது. எல்லையில் பிறந்து வளர்ந்த எனக்கு 41 வயதில்தான் அது தெரிகிறது.

ஒன்றரைப் பக்கம் எழுதினேன். கஷ்டம், குழந்தைகள், கடன் எதையும் எழுதவில்லை. முதல் தடவை எழுதினதில் அதெல்லாம் இருந்தது, அண்ணன் அடித்துவிட்டார். தேதி, நம்பர், நாள் கணக்கு, அவ்வளவுதான். கூடவே ரெண்டு காண்ட்ராக்டரின் சம்பளச் சீட்டுகள். ரெண்டிலும் இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதம் பிடித்திருந்ததைப் பேனாவால் வட்டமிட்டேன். சீட்டைத் தூக்கிப் போடும் பழக்கம் எனக்கு இல்லாதது என் மாமியார் புண்ணியம். அவர் பஸ் டிக்கெட்டைக்கூட அரிசி டின்னுக்கு அடியில் வைப்பார்.

கடைசியாக ஒரு காகிதம் வேணும். கேரளத்தில் அதற்குப் பெயர் ‘ஒன் அண்ட் செய்ம்’ சர்டிபிகேட். வில்லேஜ் ஆபீஸில் கொடுப்பார்கள், ரெண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்று. எங்கள் ஊரில் பாதிப் பேர் வீட்டில் ஒன்று இருக்கும். வில்லேஜ் ஆபீஸர் ஆதாரையும் ரேஷன் கார்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, “ரெண்டும் நிங்கள் தன்னெ?” என்று சிரித்தார். “ஆமாங்க சார், ரெண்டும் நான்தான்” என்றேன். சொல்லும்போது எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

எல்லாவற்றையும் கிளை அலுவலகத்தில் கொடுத்து நகலில் சீல் வாங்கினேன். இன்னொரு செட் திருச்சூர் வட்டார அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில். அப்புறம் ரெண்டு தடவை கூப்பிட்டார்கள். ஒரு தடவை போட்டோவை ஒப்பிட, ஒரு தடவை கையெழுத்துக்கு. தமிழில் எழுதியதை யாரும் குறை சொல்லவில்லை. ஒரு அம்மா மட்டும், “தமிழ்நாடா?” என்று கேட்டார். “கொழிஞ்சாம்பாறைங்க” என்றேன்.

ரெண்டு நம்பரையும் சேர்த்த பிறகு கணக்கு இப்படி வந்தது. நாலு அரையாண்டுச் சம்பளம் மொத்தம் 2,26,300 ரூபாய். அதை 730 நாளால் வகுத்தால் 310. பாதி 155. தொண்ணூறு நாளுக்கு 13,950. 2022 ஏப்ரலில் பணம் ஏறியது. அதற்குள் தேங்காய்க் களத்தில் ஒரு மாதம், பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு பிளவுஸ் தைத்தது என்று எப்படியோ ஓட்டியிருந்தேன். வந்ததில் பாதி மளிகைக் கடை பாக்கிக்குப் போனது.

இப்போது வேலந்தாவளம் பக்கம் ஒரு தையல் யூனிட்டில் இருக்கிறேன். சேர்ந்த அன்று ஆபீஸில் ஃபாரம் நிரப்பிக்கொண்டிருந்த பெண்ணிடம் முதலில் பழைய நம்பரைத்தான் நீட்டினேன். ஆதாரைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து அப்படியே ஏற்றச் சொன்னேன். அவள் பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அப்போ ரேஷன் கார்டுல இருக்கற அந்த ‘எம்’ யாரு சேச்சி?”