திங்கட்கிழமை லீவுக்காரர்களுக்கு ஒரு டிஸ்னி நாள்

இவருக்கு, அதாவது என் கணவருக்கு, திங்கட்கிழமை லீவு. பிள்ளைகளுக்குப் புதனும் சனி, ஞாயிறும் லீவு. பாரிசில் ரெஸ்ரோரண்டுக் குசினி வேலையை நம்பி வாழும் எங்கள் ஆட்களின் வீடுகளில் பெரும்பாலும் இதுதான் நிலைமை. தகப்பன் வேலை முடிந்து சாமத்தில் வரும்போது பிள்ளைகள் நித்திரை. பிள்ளைகள் பள்ளிக்கு வெளிக்கிடும்போது தகப்பன் நித்திரை. டிஸ்னிலாண்டுக்குப் போவோம் என்று வீட்டில் பேச்சு எழுந்தால், முதலில் பிடிக்க வேண்டியது எல்லோருக்கும் பொருந்துகிற ஒரு நாளைத்தான். ரிக்கற் பிறகு.

பள்ளிக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டுத் திங்கட்கிழமையில் கூட்டிப்போகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 2019 முதல் பிரான்சில் மூன்று வயதிலேயே பள்ளி கட்டாயம். அதோடு, ரீச்சரிடம் என்ன சொன்னோம் என்பதைப் பிள்ளை மறக்காது. விடுமுறைக்குள் வரும் திங்கட்கிழமைதான் எங்களுக்குத் தோதான நாள். பள்ளி விடுமுறைக்காக நாட்டை ஏ, பி, சி என்று மூன்று வலயமாகப் பிரித்திருக்கிறார்கள்; பாரிசும் அதன் புறநகர்களும் சி வலயம். இலையுதிர் கால விடுமுறை, நத்தார் விடுமுறை, கோடை விடுமுறை ஆகியவை நாடு முழுவதற்கும் ஒரே நேரத்தில் வரும். ஆனால் பெப்ரவரியை ஒட்டிய குளிர்கால விடுமுறையும் ஏப்ரலை ஒட்டிய வசந்தகால விடுமுறையும் ஏ, பி, சி என்று வலயத்துக்கு வலயம் தள்ளித் தள்ளி வரும். மற்ற வலயத்துப் பிள்ளைகள் பள்ளியில் இருக்கிற வாரத்தில் எங்களுடைய திங்கட்கிழமை விழுந்தால் அதைவிட நல்ல நாள் இல்லை. பெப்ரவரியில் குளிர் எலும்பைத் துளைக்கும், பின்னேரமே இருட்டிவிடும். ஆகவே என் தெரிவு ஏப்ரல்.

போய்வர அவ்வளவு செலவில்லை. 2025 ஜனவரியில் பாரிசும் புறநகர்களும் சேர்ந்த இல்-து-பிரான்ஸ் முழுவதற்கும் ரயில் ரிக்கற் ஒரே விலையாகிவிட்டது. அப்போது வைத்த விலை 2.50 யூரோ. நாலு வயதிலிருந்து ஒன்பது வயது வரையான பிள்ளைகளுக்குப் பாதி விலை, நாலுக்குக் கீழே இலவசம். எல்லாப் போக்குவரத்து வலயங்களுக்கும் மாத நவிகோ பயண அட்டை வைத்திருப்பவருக்கு மேலதிகச் செலவே இல்லை. தமிழ்க் கடைகள் உள்ள லா சப்பல் பக்கம் இருப்பவர்கள் கார் து நோர் நிலையத்துக்கு வந்து, ஆர்.இ.ஆர். என்ற புறநகர் ரயிலில் பி தடத்தை எடுத்து, அடுத்த நிறுத்தமான ஷாத்லேயில் ஆர்.இ.ஆர். ஏ-க்கு மாற வேண்டும். வடக்குப் புறநகர்களான லா கூர்நேவ், லு பூர்ஜே ஆட்களுக்கும் இதே வழிதான். கவனிக்க வேண்டியது ஒன்று: ஏ தடம் வன்சேனுக்குப் பிறகு இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை புவாசி-சன்-லெஜே பக்கம் போகும், மற்றது மார்ன்-லா-வலே ஷெசிக்கு. மேடையில் தொங்கும் பலகையில் ஷெசி என்ற பெயருக்கு நேரே வெளிச்சம் எரிகிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். ஷெசிதான் கடைசி நிலையம், இறங்கினால் வாசல் முன்னால். ரிக்கற் ஏற்றிய அட்டையைக் கையோடு வைத்திருங்கள், வெளியே போகும் கதவுக்கும் அது வேண்டும்.

நுழைவு ரிக்கற் திகதிக்குத் திகதி விலை மாறும். நெரிசலான நாளில் ஒருவருக்கு நூறு யூரோவைத் தாண்டும், அமைதியான நாளில் மிகவும் இறங்கும். மூன்று வயதுக்குக் கீழே இலவசம். மூன்றிலிருந்து பதினொன்று வரை பிள்ளை ரிக்கற், பன்னிரண்டு பிறந்தால் பெரிய ஆள். முதல் தடவை போகிறவர்கள் இரண்டு பூங்காக்களுக்கும் சேர்த்து எடுக்க வேண்டாம். 1992 ஏப்ரல் 12 அன்று திறந்த பழைய பூங்கா ஒன்றே ஒரு நாளை முழுதாக விழுங்கும். 2002இல் திறந்த மற்றது, பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்த பிறகு பார்க்கலாம். காசு கட்டி வரிசையைத் தாண்டுகிற பிரீமியர் அக்செஸ் பற்றியும் கேட்பார்கள். முன்பு அந்த வசதி வேறு பெயரில் இலவசமாக இருந்தது. இப்போது ஏறி ஓடுகிற ஒவ்வொரு விளையாட்டு ஓட்டத்துக்கும் தலைக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள். ஒரு குடும்பத்துக்கு அதைக் கட்டுகிற காசில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடலாம் என்பது என் எண்ணம்.

வேலை செய்யும் இடத்தில் ஷெக்-வக்கான்ஸ் என்ற விடுமுறைச் செலவுக் கூப்பன் தருவார்களா என்று கேட்கச் சொல்லுங்கள். பெரிய நிறுவனங்களில் ஊழியர் குழு மூலமாகக் கழிவு விலை ரிக்கற் கிடைக்கும். சின்ன ரெஸ்ரோரண்டுகளில் அப்படிக் குழு இராது, ஆனாலும் முதலாளி விரும்பினால் ஷெக்-வக்கான்ஸ் எடுத்துக் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. எங்கள் ஆட்கள் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். மெரி என்ற நகரசபையிலும் சோந்தர் சோசியால் என்ற சமூக நிலையத்திலும் குடும்பங்களை பஸ்ஸில் ஏற்றிப் பூங்காக்களுக்குக் கூட்டிப்போகும் பயணங்கள் போடுவார்கள். விசாரித்துப் பார்த்தால் நட்டமில்லை.

உள்ளே போனதும் எல்லாவற்றுக்கும் ஓட வேண்டாம். பிள்ளையின் உயரத்தை வீட்டிலேயே அளந்துகொண்டு போங்கள். மலைச் சுரங்க ரயிலான பிக் தண்டருக்கு 1.02 மீற்றர் வேண்டும், விண்வெளி ரோலர் கோஸ்ரரான ஹைப்பர்ஸ்பேஸ் மவுண்டனுக்கு 1.20, இந்தியானா ஜோன்ஸ் ஓட்டத்துக்கு 1.40. முக்கால் மணித்தியாலம் வரிசையில் நின்று, வாசலில் அளவுகோலுக்குக் கீழே நிற்கும் பிள்ளையைத் திருப்பி அனுப்பும்போது அது அழுகிற அழுகை தாங்காது. சின்னப் பிள்ளையோடு தாய் வெளியே நிற்க, தகப்பன் மூத்ததைக் கூட்டிக்கொண்டு ஏறிவிட்டு வந்து, பிறகு தாய் திரும்ப வரிசையில் நிற்காமல் ஏறுகிற ஒழுங்கும் உண்டு. வாசலில் நிற்கும் ஊழியரிடம் கேட்டால் போதும்.

ஊரிலிருந்து விசிட் விசாவில் வந்த என் அம்மாவையும் ஒரு முறை கூட்டிப்போனோம். வயதானவர்களுக்கு அங்கே என்ன இருக்கிறது என்று பலர் கேட்டார்கள். நிறைய இருக்கிறது. பூங்காவைச் சுற்றி நீராவி ரயில் ஓடுகிறது, ஒரு நிலையத்தில் ஏறி அடுத்ததில் இறங்கலாம். நுழைவுத் தெருவின் இரு பக்கமும் கடைகளுக்குப் பின்னால் கூரை போட்ட நடைபாதைகள் இருக்கின்றன. பாரிஸ் மழையை நினைத்தே கட்டியவை. மழை பிடித்தால் நனையாமல் கோட்டைக்குக் கிட்டவரை போகலாம். இளஞ்சிவப்புக் கோட்டைக்கு அடியில் குகை மாதிரி ஒரு இடத்தில் பறவைநாகம் (டிராகன்) ஒன்று சங்கிலியில் கட்டிக் கிடக்கிறது. மூச்சு விடும், தலையைத் தூக்கி உறுமும். நீண்ட வரிசை இல்லை, உயரக் கட்டுப்பாடு இல்லை, மேலதிகக் காசு இல்லை. எங்கள் சின்னவள் அம்மம்மாவின் சேலைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டு நின்றாள், வெளியே வந்ததும் திரும்பப் போவோம் என்றாள். மேல் தளத்தில் கண்ணாடி ஓவிய யன்னல்கள். அம்மா கோட்டையைவிட, நீளப்பிடித் தும்புத்தடியும் அள்ளியும் வைத்துக்கொண்டு தெருவில் விழுகிற ஒவ்வொரு கடதாசியையும் எடுக்கும் பிள்ளைகளைத்தான் கூடுதலாகப் பார்த்தார். “இவ்வளவு இடத்தையும் நாளும் பொழுதும் எத்தனை பேர் கூட்டித் துடைக்கினமோ, பிள்ளை” என்றார். பாரிசுக்கு வந்த புதிதில் நானும் அலுவலகம் துப்புரவு செய்யும் வேலைக்குப் போனவள் என்பது அவருக்குத் தெரியும்.

இனிச் சாப்பாடு. இந்தப் பூங்கா திறந்த காலத்தில் அதை நடத்திய அமெரிக்கர்களுக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் சாப்பாட்டிலும் ஓர் இழுபறி வந்தது. அமெரிக்காவில் சனம் நடந்துகொண்டே, நேரகாலம் இல்லாமல் கொறிக்கும். இங்கே பன்னிரண்டரைக்கு எல்லோரும் ஒன்றாக மேசையில் குந்துவார்கள். உணவகங்கள் திணறிப்போயின. வைன் இல்லை என்று வேறு குறை, அடுத்த வருடம், 1993இல், அதையும் அனுமதிக்க வேண்டி வந்தது. அந்தப் பன்னிரண்டரை மணிப் பழக்கம் இன்னும் மாறவில்லை. பதினொன்றரைக்குச் சாப்பிடுங்கள், அல்லது இரண்டரைக்குப் பிறகு சாப்பிடுங்கள். மற்ற எல்லோரும் மேசையில் இருக்கும் நேரத்தில் ஓட்டங்களில் வரிசை குறையும்.

கட்டிக்கொண்டு போவதைப் பற்றி எங்கள் பெண்களுக்குள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள். பெரிய குளிர்ப்பெட்டியும் கண்ணாடிப் போத்தலும் உள்ளே விடமாட்டார்கள், பையைத் திறந்து பார்ப்பார்கள். வாசலுக்கு வெளியே, கார் நிறுத்துமிடப் பக்கம், கட்டிக்கொண்டு வந்ததை இருந்து சாப்பிடுவதற்கென்றே இடம் இருக்கிறது. சோறு, கறி என்று சட்டியோடு வெளிக்கிட்டால் அங்கேதான் முடித்துக்கொள்ள வேண்டும். உள்ளே கையோடு வைத்திருக்கத் தோதானது லா சப்பல் கடைகளில் வாங்கும் மீன் றோல்ஸ், பற்றிஸ், கடலை வடை. முதல் நாள் பின்னேரமே வாங்கி, காலையில் அடுப்பில் சூடாக்கி, ஆறவிட்டுத்தான் ஈயத்தாளில் சுற்ற வேண்டும். சூட்டோடு சுற்றினால் வேர்த்து றோல்ஸின் தூள் ஊறிவிடும். சம்பல் வேண்டாம், பை முழுக்க மணக்கும். தண்ணீர் வாங்க வேண்டியதில்லை, கழிப்பறைகளுக்குக் கிட்டக் குழாய்கள் இருக்கின்றன. மறந்துபோய் வெறுங்கையோடு வெளிக்கிட்டவர்கள் ஷெசிக்கு ஒரு நிறுத்தம் முன்னால் வல் தெரோப்பில் இறங்கினால் பெரிய ஓஷான் கடை இருக்கிறது.

ஆனாலும் ஒரு நேரச் சாப்பாடாவது உள்ளே மேசையில் இருந்து சாப்பிடுங்கள் என்றுதான் நான் எல்லோருக்கும் சொல்கிறேன். காசு வீண் என்பார்கள். இவர் பாத்திரம் கழுவுகிற இடத்தில் தொடங்கி இன்று சமையல் பக்கம் நிற்கிறார். இந்த ஊரில் எத்தனை ஆயிரம் பேருக்கோ கோப்பையில் சாப்பாடு போட்டவர், ஒரு ரெஸ்ரோரண்டில் விருந்தாளியாக உட்கார்ந்தது மிகக் குறைவு. பூங்காவுக்குள் அரபுக் கடைத்தெரு போல அமைந்த அக்ரபா கஃபேயில் மேசை எடுத்தோம். வேண்டியதைப் போட்டுச் சாப்பிடும் பஃபே. வாசனைச் சரக்குப் போட்ட கோழியும் கடலையும் மரக்கறியும் இருந்தபடியால் அம்மாவுக்கும் வாய்க்குப் பிடித்தது. சாப்பிட்டு முடிந்ததும் இவரின் கை தன்பாட்டில் மேசையிலிருந்த கோப்பைகளைப் பெரிதிலிருந்து சின்னதாக அடுக்கி, கத்திகளை முள்ளுக்கரண்டிக்குக் கீழே செருகி, எச்சிலை மேல் கோப்பையில் வழித்துச் சேர்த்தது. பரிமாறுகிற பெடியன் ஓடி வந்து, “விடுங்கள் மெஸ்யூ, இன்றைக்கு அது என்னுடைய வேலை” என்றான். இவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளைகள் மூன்றாம் தரம் இனிப்பு எடுக்கப் போனதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு மணித்தியாலத்துக்காக நான் இன்னும் இரண்டு மாதம் சிக்கனம் பிடிக்கத் தயார்.

மேசையை டிஸ்னிலாண்டின் கைப்பேசி ஆப்பில் நேரத்தோடு பதிந்துவிடுங்கள். விடுமுறை நாளில் போய் நின்று கேட்டால் கிடைப்பது கடினம். மாடு, பன்றி சாப்பிடாதவர்கள் பிள்ளைகளின் சாப்பாட்டில் கவனமாக இருக்க வேண்டும். அரைத்த இறைச்சி என்றால் பெரும்பாலும் மாடுதான், பாஸ்தாவில் சின்னச் சின்னதாக வெட்டிப் போட்டிருப்பது பன்றியாக இருக்கலாம். கேட்டால் சொல்வார்கள், முகம் சுளிக்கமாட்டார்கள்.

கோட்டைக்கு முன்னால் எடுத்த படம் அன்றிரவே வாட்ஸ்அப்பில் ஊருக்குப் போய்விடும். “உங்களுக்கென்ன, நல்லா இருக்கிறியள்” என்று பதில் வரும். இதில் என் மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். படத்தை மறைக்கத் தேவையில்லை. தங்கச்சி விலையைக் கேட்டபோது நான் விலையைச் சொன்னேன், எத்தனை மாதம் சேர்த்தோம் என்பதையும் சொன்னேன், இவர் ஓவர்ரைம் செய்ததையும் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் கேட்ட கேள்விகள் எல்லாம் பறவைநாகத்தைப் பற்றித்தான்.

பிள்ளைகள் வளர்ந்து, கோட்டையும் இளவரசியும் அலுத்துவிட்டால், கார் இருக்கிறவர்கள் பார்க் அஸ்தெரிக்ஸ் என்ற இன்னொரு பூங்காவைப் பாருங்கள். 1989இல் திறந்தது. ஏ1 வீதியில் ருவாசி விமான நிலையத்தைத் தாண்டி வடக்கே இருக்கிறது, சார்செல், லு பூர்ஜே பக்கத்து ஆட்களுக்கு டிஸ்னியைவிட நேர்வழி. வேகமான ஓட்டங்கள் அங்கேதான் கூட. குளிர்காலத்தில் நத்தார் நாட்கள் தவிரப் பெரும்பாலும் பூட்டியிருக்கும், வெளிக்கிட முன் நாட்காட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே எதற்கு என்ன உயரம் வேண்டும் என்று எங்கள் மூத்தவன் ஏற்கெனவே தேடி எழுதி வைத்திருக்கிறான். தகப்பனின் கோடை லீவுத் திகதி இன்னும் முதலாளியிடமிருந்து வரவில்லை.