கெஃபிர் போட்டேன், புரோட்டீன் கணக்கும் போட்டேன்

கொல்லத்தில் வேலை பார்க்கும் சிநேகிதன் செங்கோட்டைக்கு ரயிலில் வரும்போது ஊறுகாய் பாட்டிலில் ஒரு ஸ்பூன் கெஃபிர் குருணை கொண்டுவந்தான். கெஃபிர் என்பது பாலைப் புளிக்கவைத்துச் செய்யும் தயிர் மாதிரியான பானம்; அதற்கு உறை இந்தக் குருணைதான். பார்க்க காலிஃபிளவரைப் பிய்த்துப் போட்ட மாதிரி இருக்கும், தொட்டால் ரப்பர். அரை லிட்டர் பாலைக் காய்ச்சி நன்றாக ஆறவிட்டு (சூட்டில் போட்டால் குருணை செத்துவிடும்) அதில் போட்டு மூடிவைத்தேன். ஒரு நாள் வைக்கச் சொல்லியிருந்தான். அது சித்திரை வெயில். மறுநாள் பார்த்தால் மேலே கட்டி, கீழே பச்சைத் தண்ணீர். ஆச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "என்னல இது, திரிஞ்ச பாலுல்லா?" என்றாள்.

அப்புறம் பன்னிரண்டு மணி நேரத்திலேயே வடிகட்ட ஆரம்பித்தேன், சரியாக வந்தது. ஆனியில் சாரல் தொடங்கியதும் அதே குருணைக்கு இருபது மணி நேரம் ஆனது.

சரி, நான் இதில் இறங்கியதே புரோட்டீனுக்காக. கெஃபிர் என்றால் புரோட்டீன் கொட்டிக் கிடக்கும் என்று நினைத்திருந்தேன். உட்கார்ந்து கணக்குப் பார்த்தால் பாலில் என்ன இருந்ததோ அதுதான்: 100 மில்லிக்கு 3 கிராமுக்குக் கொஞ்சம் மேலே. குருணையில் இருக்கும் பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் சாப்பிடுவது பாலில் உள்ள சர்க்கரையை, அதாவது லாக்டோஸை. புரோட்டீன் கூடுவதற்கு அங்கே வழியே இல்லை. 200 மில்லி டம்ளர் குடித்தால் ஒரு முட்டை அளவுக்குத்தான் தேறும். 60 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 கிராம் வேண்டும் என்கிற கணக்குக்கு முன்னால் இது எம்மாத்திரம்?

போன வாரம் ஒரு லிட்டர் கெஃபிரைப் பழைய வேட்டித் துணியில் கட்டி, குழாயில் இரவெல்லாம் தொங்கவிட்டேன். கிடைத்தது 400 கிராம் கட்டி. வடிந்த தண்ணீரோடு போனது ஐந்தாறு கிராம் என்று வைத்தாலும், மிச்சமிருக்கும் 26 கிராம் சொச்சம் இந்தக் கட்டிக்குள்தான், 100 கிராமுக்கு ஆறரை. பூண்டும் உப்பும் தட்டிப் போட்டு தோசைக்குத் தொட்டுக்கொண்டேன், பிரமாதம். வடிந்த தண்ணீரைச் சப்பாத்தி மாவில் ஊற்றிப் பிசைந்தாயிற்று.

பால் குடித்தால் வயிறு ஊதுகிறது என்று பல வருஷமாகப் பாலைத் தொடாத ஆச்சி, திரிஞ்ச பால் என்று திட்டிக்கொண்டே இப்போது தினமும் அரை டம்ளர் வாங்கிக் குடிக்கிறாள். லாக்டோஸ் குறைந்திருப்பதால் வயிறு ஒத்துக்கொள்கிறது போல. குருணையும் இரண்டு மடங்காகிவிட்டது, பாட்டில்தான் பத்தவில்லை.