எக்ஸ் குறி போட்ட வீடுகள்

இந்தியாவில் போலியோ ஒழிந்ததைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் சொட்டு மருந்து முகாம்களையும் விளம்பரங்களையுமே நினைவுகூர்கிறார்கள். என் பார்வையில் அந்நோய் தோற்றது முகாம்களில் அல்ல, உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் உள்ள வீட்டு வாசல்களில்தான்.

1988இல் உலக சுகாதாரப் பேரவை போலியோவை ஒழிக்கத் தீர்மானித்தபோது, ஆண்டுதோறும் ஏறத்தாழ 3,50,000 பேர் முடங்கிக்கொண்டிருந்தார்கள். இலக்காக வைத்த 2000ஆம் ஆண்டு கடந்த பிறகும் கங்கைச் சமவெளியில் நோய் அடங்கவில்லை. நெருக்கடியான குடியிருப்பு, கழிவுநீர் கலந்த குடிநீர், ஓயாத வயிற்றுப்போக்கு ஆகியவற்றால், மருந்திலுள்ள வலுவிழந்த வைரஸ் குடலில் நிலைகொள்ள முடியாமல் போய், பலமுறை சொட்டு மருந்து பெற்ற குழந்தைகளும் முடங்கினார்கள். மூன்று தவணை நம் குழந்தைகளுக்குப் போதாது என்று வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் வைரஸ் ஆய்வாளர் டி. ஜேக்கப் ஜான் 1970களிலேயே கண்டு சொல்லியிருந்தார். அதற்கு அன்றே செவிசாய்த்திருந்தால் எத்தனை குழந்தைகள் தப்பியிருப்பார்கள் என்று எண்ணும்போது மனம் கனக்கிறது.

ஆகவே ஒரு குழந்தையைக்கூட விடாமல், மீண்டும் மீண்டும் மருந்து கொடுக்க வேண்டியிருந்தது. எல்லாக் குழந்தைகளும் மருந்து பெற்ற வீட்டின் சுவரில் 'பி' என்றும், குழந்தை வெளியே போயிருந்தாலோ பெற்றோர் மறுத்தாலோ 'எக்ஸ்' என்றும் பணியாளர்கள் குறித்தார்கள். மருந்து பெற்ற குழந்தையின் சுண்டுவிரலில் மை வைத்தார்கள். அந்த எக்ஸ் வீடுகளுக்குத் திரும்பத் திரும்பப் போனவர்களில் பெரும்பாலோர் அந்தந்தப் பகுதியைச் சேர்ந்த பெண்கள். மருந்தால் மலட்டுத்தன்மை வரும் என்ற வதந்தியை அவர்கள் எதிர்கொண்டார்கள்; இமாம்களும் துணைநின்றார்கள். சாக்கடையும் மருத்துவரும் இல்லாத தெருவுக்குச் சொட்டு மருந்து மட்டும் ஏன் வருகிறது என்று கேட்ட தாய்மாரும் இருந்தார்கள். அது முற்றிலும் நியாயமான கேள்வி. பிற்பாடு, நோய் மிகுந்த 107 வட்டாரங்களில் சுகாதாரம், வயிற்றுப்போக்குச் சிகிச்சை, தாய்ப்பால் ஆகியவற்றையும் சேர்த்தே கவனித்தது அதற்குக் கிடைத்த தாமதமான பதில்.

பீகாரின் கோசி ஆற்றுப் படுகையில் வெள்ளம் சூழ்ந்த ஊர்களுக்கும் பணியாளர்கள் சென்றார்கள். ரயில் நிலையங்களிலும் செங்கல் சூளைகளிலும் இடம்பெயரும் குடும்பங்களின் பிள்ளைகளைத் தேடிப்பிடித்தார்கள். 2010இல், போலியோ வைரஸில் அப்போது எஞ்சியிருந்த இரு வகைகளையும் தடுக்கும் புதிய சொட்டு மருந்து வந்து சேர்ந்தது. 2009இல் 741 ஆக இருந்த பாதிப்பு மறு ஆண்டில் 42 ஆகக் குறைந்தது. 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹவுராவில் முடங்கிய சிறுமிக்குப் பிறகு, மருந்திலுள்ளதல்லாத, இயற்கையாகப் பரவும் வைரஸால் இங்கு எவரும் பாதிக்கப்படவில்லை.

எல்லைக்கு அப்பால் நிலைமை வேறு. பின்லேடனைத் தேடுவதற்காக அமெரிக்க உளவுத்துறை அப்போட்டாபாத்தில் போலித் தடுப்பூசி இயக்கம் ஒன்றை நடத்தியது 2011இல் அம்பலமானது. கதவைத் தட்டுபவரை நம்பலாமா என்ற ஐயத்தை அது பாகிஸ்தானில் ஆழமாக்கியது. அதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. தொடர்ந்த ஆண்டுகளில் அங்கே மருந்து கொடுக்கச் சென்ற பெண்கள் பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆப்கானிஸ்தானின் தெற்கே வீடு வீடாகச் செல்லத் தடை இருந்ததால், மசூதி போன்ற பொது இடங்களில் மட்டும் மருந்து கொடுத்தார்கள். அங்கே கொண்டுவரப்படாத குழந்தைகள் விடுபட்டுப் போனார்கள். பாகிஸ்தானில் 2021இல் ஒரே ஒருவரை மட்டும் பாதித்திருந்த இயற்கை வைரஸ், 2024இல் எழுபதுக்கும் மேற்பட்டோரை முடக்கியது.